வரி முடிவும் வரப்புத் தகராறும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் பழமொழி. சிறு வயது முதல் பலமுறை கேட்ட மொழிதான். ஆயினும் அதன் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு கணிப்பொறிக் கோப்பின் வரி முடிவு என்றால் நண்பர்களுக்கு வியப்பாக இருக்கும். கண்ணுக்கே தெரியாத ஓர் எழுத்து, ஒன்றாகப் படித்த இருவரை இரண்டு நாள் பேச்சின்றிப் பிரித்து வைத்தது. அந்த எழுத்து எது, அது எங்கிருந்து வந்தது, அதை ஒழுங்குக்குக் கொண்டுவரும் வழி என்ன என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை நண்பர்களும் படிக்கும் மலர் இது. ஆதலால் இயன்றவரை எளிமையாகவே சொல்ல முயல்கிறேன்.

நடந்தது என்ன?

சென்ற பருவத்தில், துறை நூலகத்தின் புத்தக வழங்கல் ஏட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் நிரல் ஒன்றை எழுதும் பணி எனக்கும் என் வகுப்புத் தோழர் ஒருவருக்கும் தரப்பட்டது. முதன்மையான கோப்பை நான் எழுதினேன். பைத்தான் மொழியில் 412 வரிகள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில், வகுப்பு முடிந்த மாலை நேரங்களில் அமர்ந்து, மூன்று வாரங்களில் முடித்தேன். தாமதக் கட்டணம் 0.50 என்று இருந்த மூன்று இடங்களில் 1.00 என்று திருத்திச் சோதித்துப் பார்ப்பது தோழரின் வேலை. அவர் அதைத் தம் வீட்டில், அண்ணனுடைய பழைய விண்டோஸ் மடிக்கணினியில் செய்தார்.

மறுநாள் காலை வரலாற்றுப் பதிவைத் திறந்து பார்த்தேன். 412 வரிகள் நீக்கப்பட்டுள்ளன, 412 வரிகள் சேர்க்கப்பட்டுள்ளன என்று இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நேரே தோழரின் பெயர். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தந்தையார் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர். கையெழுத்துப் போட மட்டும் அறிந்தவர். சொந்தமென்று சொல்ல நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவனுக்கு, தான் செய்த வேலையாவது தன் பெயரில் இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் இருக்கத்தானே செய்யும்? அகமதிப்பெண்ணும் அந்தப் பதிவைப் பார்த்தே போடப்படுவது. நாலு பேர் முன்னிலையில், “மூணு வாரம் நான் எழுதினதை ஒரே ராத்திரியில உன் பேருக்கு மாத்திக்கிட்டியே!” என்று கேட்டுவிட்டேன். “மூணு வரிதான்டா தொட்டேன்” என்றார் அவர். நான் நம்பவில்லை. ஒரே பேருந்தில் வருபவர்கள், அதன்பின் முன்வாசலில் ஒருவரும் பின்வாசலில் ஒருவருமாக நின்றோம்.

மூன்றாம் நாள் செய்தி எங்கள் விரிவுரையாளர் காதுக்கு எட்டியது. அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. “ரெண்டு கோப்போட அளவையும் பார்த்தீங்களா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். பார்த்தோம். என் கோப்பு 14,906 பைட். தோழரின் கோப்பு 15,318 பைட். கழித்துப் பார்த்தால் 412. கோப்பின் வரிகளும் 412. வரிக்கு ஒரு பைட் வீதம் கூடியிருக்கிறது! திருத்திய எண்களோ 0.50க்குப் பதில் 1.00 என்று அதே நீளம் உடையவை. அப்படியானால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாயிற்று.

தட்டச்சுப் பொறி தந்த சொத்து

அந்த ஒட்டுண்ணியின் வரலாறு சுவையானது. நம்மில் பலர் தட்டச்சு நிலையத்தில் லோயர் தேர்வுக்குப் பயின்றவர்கள். ஒரு வரி முடிந்து மணி அடித்ததும் இடப்புறமுள்ள நெம்புகோலைத் தள்ளுவோம் அல்லவா? அந்த ஒரு தள்ளலில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. உருளை ஒரு வரி சுழன்று தாள் மேலேறுகிறது. உருளையைத் தாங்கிய கேரியேஜ் வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. நமக்கு ஒரு செயலாகத் தோன்றுவது உண்மையில் இரண்டு.

பத்திரிகை அலுவலகங்களில் செய்திகளை அச்சிட்டுத் தந்த டெலிபிரிண்டர்களில் இவ்விரண்டையும் தனித்தனி ஆணையாகவே அனுப்பினர். 1963ஆம் ஆண்டு வெளியான ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் ‘தொடக்கத்துக்குத் திரும்பு’ என்பதற்கு எண் 13, ‘ஒரு வரி இறங்கு’ என்பதற்கு எண் 10. முன்னதைக் கேரியேஜ் ரிட்டர்ன், சுருக்கமாக சி.ஆர். என்பர். பின்னதை லைன் ஃபீட், சுருக்கமாக எல்.எஃப். என்பர்.

இரண்டாகப் பிரித்ததில் பயனும் இருந்தது. வரி இறங்காமல் தொடக்கத்துக்கு மட்டும் திரும்பினால், அடித்த வரியின் மேலேயே மீண்டும் அடித்து எழுத்தைத் தடிப்பாக்கலாம், அடிக்கோடும் இடலாம். இன்னொரு காரணம் நேரம். அக்காலத்தில் பெரிதும் புழங்கிய டெலிடைப் மாடல் 33 என்னும் பொறி நொடிக்கு 10 எழுத்து வீதம் அடித்தது. வரியின் கடைசியிலிருந்து முதலிடத்துக்குத் திரும்ப ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. சி.ஆர். முதலில் அனுப்பி, அடுத்து எல்.எஃப். அனுப்பினால், தாள் இறங்கும் நேரத்தில் அச்சுமுனை வந்து சேர்ந்துவிடும். இயந்திரத்துக்கு மூச்சு விட இடம் கொடுத்த ஏற்பாடு அது.

வழக்கங்கள் மூன்று

தாளும் உருளையும் போய்த் திரையும் நினைவகமும் வந்தன. திரும்பி வருவதற்கு அச்சுமுனையே இல்லை. ஆனாலும் கோப்பில் ஒரு வரி எங்கே முடிகிறது என்பதைக் காட்ட ஏதேனும் ஒரு குறி வேண்டுமே? இங்கேதான் வழி பிரிந்தது.

மல்டிக்ஸ் என்னும் இயக்க முறைமையை வகுத்தோர், வரி முடிவுக்கு எல்.எஃப். ஒன்றே போதும் என்றனர். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் அதனையே மேற்கொண்டது. அச்சுப் பொறிக்கு அனுப்பும்போது மட்டும் சி.ஆர். சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பைச் சாதனத்துக்குரிய மென்பொருளிடம் விட்டனர். யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸும் அப்படியே. மாறாக, 1970களில் சிறு கணிப்பொறிகளில் பரவிய சி.பி./எம். என்னும் முறைமை சி.ஆர்., எல்.எஃப். இரண்டையும் அப்படியே கோப்பில் வைத்தது. 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் அதைப் பின்பற்ற, அதன்வழி விண்டோஸுக்கும் அவ்வழக்கம் வந்தது. 1984இல் வந்த மெக்கின்டாஷ் மூன்றாவதாக, சி.ஆர். மட்டும் இட்டது. 2001இல் யூனிக்ஸ் அடிப்படையில் புதிய முறைமை வந்தபோது அதுவும் எல்.எஃப். பக்கம் சேர்ந்தது.

ஆக இன்று எஞ்சியவை இரண்டு. லினக்ஸில் வரிக்கு ஒரு குறி, விண்டோஸில் வரிக்கு இரண்டு குறி. விண்டோஸின் நோட்பேட், எல்.எஃப். மட்டும் உள்ள கோப்பை ஒரே நீண்ட வரியாகக் காட்டிவந்தது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அக்குறை நீங்கியது. இன்றைய நிரல் எழுதும் கருவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டுகின்றன. அதனால்தான் வேற்றுமை கண்ணுக்குப் படாமல் போகிறது. பைத்தானும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எங்கள் நிரல் இரு பொறியிலும் ஒழுங்காகவே ஓடியது. ஓடாதிருந்தால் காரணத்தை அன்றே தேடியிருப்போம்.

எல்லா மென்பொருளும் அவ்வளவு பொறுமையுடையன அல்ல. லினக்ஸில் ஷெல் நிரல் ஒன்றின் முதல் வரியில், அதை இயக்கும் மென்பொருளின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும். அவ்வரியின் கடைசியில் ஒரு சி.ஆர். ஒட்டிக்கொண்டால், அதையும் பெயரின் பகுதியாக எண்ணிக்கொண்டு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று இயந்திரம் கைவிரித்துவிடும். கோப்போ கண்ணெதிரே இருக்கும்!

கிட் காணும் கணக்கு

பதிப்புக் கட்டுப்பாடு என்பது ஒரு கோப்பின் ஒவ்வொரு நிலையையும், யார் எப்போது மாற்றினார் என்ற குறிப்புடன் சேமித்து வைக்கும் ஏற்பாடு. அவ்வகையில் இன்று பெரிதும் வழங்குவது கிட். லினக்ஸின் மூலவரான லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் வளர்ச்சிப் பணிக்காகவே 2005இல் இதை உருவாக்கினார். கிட் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு, பொதுவாக 40 இலக்கம் கொண்ட ஓர் அடையாளத்தைத் தருகிறது. ஒரு பைட் மாறினாலும் அடையாளம் முழுதும் மாறும். இரண்டு நிலைகளை ஒப்பிட்டுக் காட்டும்போது வரி வரியாக ஒப்பிடுகிறது. வரியின் கடைசியில் சி.ஆர். இருந்தால், அதன் கணக்கில் அது வேறு வரி.

தோழரின் கருவி, கோப்பைச் சேமிக்கும்போது விண்டோஸ் வழக்கப்படி வரிதோறும் சி.ஆர். சேர்த்துவிட்டது. கிட் 412 வரியும் மாறிவிட்டது என்றது. கிட் பொய் சொல்லவில்லை, தோழரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளைக்குக் கிட்டில் ‘பிளேம்’ என்று பெயர். தமிழில் சொன்னால் ‘பழி’. பெயருக்கேற்ற வேலையைத்தான் எங்களிடம் அது செய்தது. அக்கட்டளையுடன், இடைவெளி போன்ற வெற்றெழுத்துகளைப் பொருட்படுத்தாதே என்று பொருள்படும் ‘-டபிள்யூ’ என்பதைச் சேர்த்துப் பார்த்தோம். 409 வரிகளுக்கு நேரே என் பெயர் வந்தது. மூன்றே வரிகளுக்கு நேரே தோழர் பெயர் வந்தது. அவர் சொன்னதும் மூன்றுதான்.

ஆளுக்கொரு அமைப்பு

இச்சிக்கலைக் கிட் முன்பே எதிர்பார்த்திருக்கிறது. களஞ்சியத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கோப்பு உள்ளே போகும் வாயில் ஒன்று, வெளியே வரும் வாயில் ஒன்று. இவ்வாயில்களில் வரி முடிவை மாற்றுவதா வேண்டாமா என்பதை ‘கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்’ என்னும் அமைப்பு முடிவு செய்கிறது. அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு.

‘ட்ரூ’ என்று வைத்தால், உள்ளே போகும்போது சி.ஆர். நீக்கப்படும், வெளியே வரும்போது சேர்க்கப்படும். களஞ்சியத்தில் எப்போதும் எல்.எஃப்., கையில் எப்போதும் விண்டோஸ் வழக்கம். ‘இன்புட்’ என்று வைத்தால், உள்ளே போகும்போது மட்டும் நீக்கப்படும்; வெளியே வரும்போது மாற்றம் இல்லை. இது லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு ஏற்றது. ‘ஃபால்ஸ்’ என்று வைத்தால் இரு வாயிலிலும் ஒன்றும் நடக்காது. உள்ளது உள்ளபடி.

இதில் ‘ஃபால்ஸ்’ என்பதே கிட்டின் இயல்பான நிலை. விண்டோஸில் கிட்டை நிறுவும்போது இம்மூன்றில் எது வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். அங்கே முன்கூட்டியே தேர்ந்து காட்டப்படுவது ‘ட்ரூ’. தோழர் அக்கேள்விக்குப் பொருள் விளங்காமல், எதையும் மாற்றாமல் இருப்பதே நல்லது என்று கருதி மூன்றாவதைத் தேர்ந்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

இன்னொரு செய்தி. சில வேளை கிட், ‘இக்கோப்பில் எல்.எஃப். இருக்குமிடத்தில் சி.ஆர்.எல்.எஃப். இடப்படும்’ என்று ஒரு குறிப்பு விடுக்கும். புதிதாகப் பழகுவோர் இதைக் கண்டு அஞ்சுவதுண்டு. அது பிழை அன்று. வாயிலில் மாற்றம் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கை.

எல்லைக்கல் நடுதல்

இந்த அமைப்பில் ஒரு பெருங்குறை உண்டு. இது அவரவர் பொறியில் தனித்தனியே இருப்பது. பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் பத்துப் பேரும் நினைவாகச் சரி செய்திருக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் பழைய கதைதான்.

இதற்குத் தீர்வாகக் கிட் தருவது ‘.கிட்அட்ரிபியூட்ஸ்’ என்னும் பெயருடைய சிறு கோப்பு. இது களஞ்சியத்தின் உள்ளேயே இருக்கும். யார் நகலெடுத்தாலும் கூடவே போகும். தனியார் பொறியில் ஆட்டோசிஆர்எல்எஃப் எப்படி இருந்தாலும், இக்கோப்பில் எழுதியதற்கே முதலிடம். எங்கள் களஞ்சியத்தில் நாங்கள் எழுதியது நான்கே வரி. ஆங்கில எழுத்தில் இடவேண்டியதைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன்.

* டெக்ஸ்ட்=ஆட்டோ
*.எஸ்எச் டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்
*.பேட் டெக்ஸ்ட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்
*.பிஎன்ஜி பைனரி

முதல் வரியின் பொருள்: எல்லாக் கோப்பையும் பார், எழுத்துக் கோப்பாகத் தோன்றினால் களஞ்சியத்தில் எல்.எஃப். முறையில் வை. இரண்டாவது: ஷெல் நிரல்களுக்கு எந்தப் பொறியிலும் எல்.எஃப். மட்டுமே. மூன்றாவது: விண்டோஸின் பேட்ச் கோப்புகளுக்கு இரு குறியும் வேண்டும், ஏனெனில் ஒற்றைக் குறியில் அவை சில வேளை தடுமாறும். நான்காவது: படக் கோப்புகளைத் தொடவே தொடாதே.

நான்காவது வரி இன்றியமையாதது. படம் ஒன்றின் பைட்டுகளில் 13, 10 என்ற எண்கள் தற்செயலாக அடுத்தடுத்து வரக்கூடும். அதை வரி முடிவென்று கருதி ஒன்றை நீக்கினால் படம் கெட்டுவிடும். பி.என்.ஜி. பட முறையை வகுத்தோர் இதை முன்னரே உணர்ந்திருந்தனர். அவ்வகைக் கோப்பு ஒவ்வொன்றும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களுடன் தொடங்கும். இடையில் சி.ஆர்.எல்.எஃப். ஒன்றும், கடைசியில் தனி எல்.எஃப். ஒன்றும் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. வழியில் யாரேனும் வரி முடிவை மாற்றியிருந்தால் முதல் எட்டு பைட்டிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தமிழில் எழுதிய கோப்புகளுக்குத் தீங்கு வருமோ என்று தமிழ்த் துறை நண்பர் ஒருவர் கேட்டார். வராது. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். அந்த பைட்டுகள் எல்லாம் 127க்கு மேற்பட்டவை. 10ஆம் எண்ணோ 13ஆம் எண்ணோ அவற்றுள் வரவே வராது.

இக்கோப்பை எழுதியவுடன் பழைய கோப்புகள் தாமாகத் திருந்திவிடும் என்று எண்ணக்கூடாது. இரு குறியுடன் முன்பே சேமிக்கப்பட்ட கோப்பை ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’ மட்டும் மாற்றாது. ‘கிட் ஆட் --ரீநார்மலைஸ் .’ என்ற கட்டளையை ஒருமுறை தந்து, அம்மாற்றத்தைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். வேறு திருத்தங்களை அதனுடன் கலக்கலாகாது. கலந்தால் பின்னால் பார்ப்பவர்க்கு எது உண்மை மாற்றம் என்று தெரியாது. ஒவ்வொரு கோப்பும் இப்போது எந்த முறையில் இருக்கிறது என்பதை ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல்’ என்ற கட்டளை காட்டும். களஞ்சியத்தில் ஒன்று, கையில் ஒன்று, விதிப்படி ஒன்று என மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துச் சொல்லும்.

முடிவுரை

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது, கணிப்பொறியைத் தொட்டறியாத என் தந்தையாருக்குச் செய்தி உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஆண்டுதோறும் வரப்புத் தகராறு வரும். அண்டை வெட்டும்போது மண்வெட்டி ஒரு சாண் தள்ளி விழும். மறுநாள் அரிவாள் தூக்குவார்கள். “வரப்புச் சண்டைக்குப் போறவன் மொதல்ல கல்லைப் பாக்கணும், அப்புறம் ஆளைப் பாக்கணும்” என்றார் அவர். நான் ஆளைப் பார்த்தேன், கல்லைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கல் இருந்திருக்காது. நாங்கள் நடவே இல்லை.

இருவர் சேர்ந்து செய்யும் எந்த வேலையிலும், ‘இது அவருக்குத் தெரிந்திருக்கும்’ என்று இருவரும் எண்ணிக்கொள்ளும் சிறு செய்திகள் சில இருக்கும். பகை முளைப்பது பெரும்பாலும் அவ்விடத்தில்தான். அவற்றைத் தொடக்கத்திலேயே எழுதி, எல்லார்க்கும் பொதுவான இடத்தில் வைத்துவிட்டால் போதும். எங்களுக்கு அந்த எழுத்து நான்கு வரிதான். அடுத்த ஆண்டு கூட்டாக நிரல் எழுதப்போகும் இளைய மாணவர்கள், முதல் வரி நிரலை எழுதுமுன் அந்த நான்கு வரிகளை எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாலு பேர் முன்னிலையில் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னிலையில்தான் திரும்பப் பெறவேண்டும். வகுப்பில் எழுந்து நின்று தோழரிடம் மன்னிப்புக் கேட்டேன். இக்கட்டுரையின் கைப்படியை முதலில் படித்துத் திருத்தியவரும் அவரே. எத்தனை வரி திருத்தினார் என்று எண்ணிப் பார்க்கவில்லை.